உன்மேல் போர்த்தாத கொடி

என் மாப்ளே ஏகாம்பரத்துக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். உனக்கு அப்படி எழுத முடியவில்லை. நீ போய் இன்றோடு இருபத்தோரு நாள் ஆகிறது. காரியம் முடிந்தது. பந்தலைப் பிரித்து, வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டோம். உன் வீட்டு வாசலில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர் மட்டும் இன்னும் இருக்கிறது. படத்துக்குக் கீழே என்ன போடுவது என்று பேனர் கடைக்காரர் இரண்டு தடவை கேட்டார். கடைசியில் "முன்னாள் ஒன்றிய இளைஞரணி அமைப்பாளர்" என்று போட்டோம். எந்தக் கட்சி என்று போடவில்லை.

இதை உன் காதோடு சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஊரறியத்தான் எழுதுகிறேன். உன்மேல் ஏன் கொடி போர்த்தவில்லை என்று சாலவாக்கம் முதல் திருமுக்கூடல் வரை ஆளாளுக்கு ஒன்று பேசுகிறார்கள். ஒன்றியச் செயலாளர்தான் தடுத்துவிட்டார் என்று அவரைத் திட்டுகிறார்கள். அவர்மேல் எனக்கு ஆயிரம் கோபம் உண்டு. ஆனால் அவர் செய்யாததற்கு அவர் பேச்சு வாங்கக் கூடாது.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பழசைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

உத்திரமேரூர் பள்ளிக்கூடத்தில் நாம் இருவரும் ஒரே பெஞ்சு. மைதா காய்ச்சி, வாளியில் எடுத்துக்கொண்டு போஸ்டர் ஒட்டப் போனதும் ஒன்றாகத்தான். கட்சியில் சேர்ந்ததும் ஒரே நாளில். பிறகு நீ என் தங்கை தனத்தைக் கட்டிக்கொண்டு எனக்கு மாப்பிள்ளையும் ஆனாய். நான் ஊர்க் கிளைச் செயலாளர் பதவியோடு நின்றுவிட்டேன். நீ மேலே போனாய். இருபத்தெட்டு வயதில் ஒன்றிய இளைஞரணி அமைப்பாளர். முதல் மேடையிலேயே "உலகத்துக்கே ஓட்டுப் போடக் கற்றுக்கொடுத்த ஊர்க்காரன் பேசுகிறேன்" என்று உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டை இழுத்துத்தான் பேச்சைத் தொடங்கினாய். அதற்கப்புறம் எத்தனை மேடை ஏறினாயோ, எல்லாவற்றிலும் அதே தொடக்கம். எந்த இடத்தில் கை தட்ட வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். முதல் தட்டு என்னுடையதாகத்தான் இருக்கும்.

நாற்பத்தாறு வயதுவரை உன்னை இளைஞரணியிலேயே வைத்திருந்தார்கள். கூட்டத்துக்கு முதல் நாள் தலைக்கு டை அடிப்பாய். காது மடலில் கறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். "இன்னா மாப்ளே, இளைஞரணி காதுல வயியுதே" என்பேன். நீ துண்டால் துடைத்துக்கொண்டு, "மேல எடம் குடுத்தா நான் ஏன் மச்சான் டை அடிக்கறேன்?" என்பாய். சிரிப்பாய். எனக்கும் சிரிப்பு வரும். உள்ளுக்குள் நீ எவ்வளவு வெந்து போயிருந்தாய் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உண்மையில் உன் அரசியல் மேடையில் நடக்கவில்லை. சாவு வீடுகளில் நடந்தது. ஒன்றியத்தில் எந்த ஊரில் யார் கண்ணை மூடினாலும் உனக்குத் தகவல் வந்துவிடும். நாஷ்டா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவாய். ஐஸ் பெட்டிக்குப் போன், பந்தலுக்குப் போன், மேளத்துக்குப் போன். செத்தவர் எந்தக் கட்சி, எந்தச் சாதி என்று கேட்டு நான் பார்த்ததில்லை. எல்லாரும் மாலை போட்டுவிட்டுக் கிளம்பிய பிறகும் நீ சுடுகாடுவரை நடப்பாய். பத்து நாள் கழித்து இறப்புச் சான்றிதழோடு அந்த வீட்டுக்குத் திரும்பப் போவாய்.

"கல்யாணத்துக்குப் போவலைன்னா வுட்டுடுவான் மச்சான். சாவுக்குப் போவலைன்னா ஓட்டு போடமாட்டான்" என்று என்னிடம் சொல்வாய். ஓட்டுக்காகத்தான் போகிறாய் என்று நானும் நம்பினேன். ஓட்டே இல்லாத காலத்திலும் நீ போய்க்கொண்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

ஒரே ஒரு முறை ஒன்றியக் கவுன்சிலராக ஜெயித்தாய். சேர்மன் நீதான் என்று நாங்கள் மாலை வாங்கி வைத்திருந்தோம். விடிந்ததும் மேலிடத்திலிருந்து வேறொரு பெயர் வந்தது. அந்த மாலையை அவர் கழுத்தில் நீயே போட்டாய். அதற்கடுத்து சட்டமன்றத் தேர்தல் வந்தது. வேட்பாளர் நேர்காணலுக்குச் சென்னை போனாய். கூட நானும் வந்தேன். வேட்டி கசங்கிவிடும் என்று வழி முழுக்க நீ காரில் சாய்ந்து உட்காரவே இல்லை. உள்ளே போனவன் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாய். கட்சிக்கு வந்து ஒன்றரை வருடம்கூட ஆகாத ஒரு காண்டிராக்டருக்கு சீட்டுப் போனது. திரும்பி வரும்போதுதான் நீ காரில் சாய்ந்து உட்கார்ந்தாய். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நான் ஏதாவது பேசியிருக்க வேண்டுமோ?

அடுத்த வாரமே நீ எதிர்க்கட்சியில் சேர்ந்தாய். சேருகிறவர் தன்னோடு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பட்டியல் கொடுக்க வேண்டும், அதுதான் அங்கே மரியாதை. முந்நூறு பேர் எழுதிக் கொடுத்தாய். முதல் பெயர் உன்னுடையது. இரண்டாவது பெயர் என்னுடையது.

என்னை ஒரு வார்த்தை நீ கேட்கவில்லை மாப்ளே. பேப்பரில் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. உன் வீட்டுக்கு வந்து கத்தினேன். நீ நிஜமாகவே ஆச்சரியப்பட்டாய். "உன்ன இன்னாத்துக்கு மச்சான் கேக்கணும்? என் பேர எழுதும்போது என்னையே கேட்டுக்கினா எழுதினேன்?" என்றாய். இப்போதெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அது எனக்குத் திமிராகத்தான் கேட்டது.

மறுநாள் நம் கட்சியின் அறிவிப்பு வந்தது. நீ, நான், இன்னும் சிலர் அடிப்படை உறுப்பினர் உள்பட எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கம். கடைசி வரி எல்லோருக்கும் தெரிந்த வரிதான்: கட்சியினர் யாரும் இவர்களுடன் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. எத்தனையோ பேரைப் பற்றி அந்த வரியைப் படித்துவிட்டு நாம் பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம். வீட்டு விஷயத்துக்கும் அது செல்லுமா என்று யாரும் யோசித்ததில்லை.

நான் மன்னிப்புக் கடிதம் கொடுத்தேன். பட்டியலில் என் பெயர் எனக்குத் தெரியாமல் சேர்க்கப்பட்டது என்று எழுதினேன். அது உண்மை. ஒன்றியச் செயலாளர் படித்துப் பார்த்துவிட்டு, "அவருக்கும் எனக்கும் எந்த ஒட்டுறவும் இல்லைன்னு ஒரு வரி சேத்துக்கோப்பா, மேல கேப்பாங்க" என்றார். தங்கை புருஷனோடு ஒட்டுறவு இல்லை என்று என் கையாலேயே எழுதினேன். மூன்று மாதத்தில் கிளைச் செயலாளர் பதவி திரும்பி வந்தது. என்ன பெரிய பதவி என்று கேட்பார்கள். காலையில் கதவைத் திறந்தால் முதியோர் பென்ஷனுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் நான்கு பேர் வாசலில் நிற்பார்கள். நம்மைத் தேடி ஆள் வருகிற அந்தச் சுகம் பொல்லாதது. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உன் மகள் மீனாவின் கல்யாணத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். தனம் தாம்பூலத் தட்டோடு வந்து, "அண்ணா, உங்களுக்குள்ள இன்னா இருந்தாலும் கொயந்தைக்கு நீதான் தாய்மாமன். மாலை எடுத்துக் குடுக்க வந்துடு" என்றாள். வருகிறேன் என்றேன். முதல் நாள் ஒன்றியச் செயலாளரிடமிருந்து போன் வந்தது. "போறதும் போவாததும் உன் இஷ்டம்ப்பா. ஆனா வாட்ஸப்புல போட்டோ வரும், பாத்துக்கோ." அவ்வளவுதான் சொன்னார்.

முகூர்த்தத்தன்று பட்டுவேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினேன். மண்டபத்துக்கு எதிரே உள்ள டீக்கடைவரைதான் கால் போயிற்று. மைக்கில் கூப்பிட்டது அங்கே நன்றாகக் கேட்டது. "பொண்ணோட தாய்மாமன் எங்க இருந்தாலும் மேடைக்கு வரவும்." மூன்று தடவை கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிடவில்லை. எங்கள் பெரியப்பா மகன் மாலை எடுத்துக் கொடுத்தானாம். நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

போன இடத்திலும் உனக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு தேர்தலுக்கு மேடையேற்றினார்கள், மூன்றாவது வரிசையில். பிறகு கூட்டம் நடப்பதையே சொல்வதில்லை. நம் ஆட்கள் உன்னைத் துரோகி என்றார்கள், அவர்கள் உன்னைப் பழைய கட்சிக்காரன் என்றார்கள். நீ டை அடிப்பதை விட்டுவிட்டாய். பைக்கில் போகிறவனைப் பார்த்து யாரோ பெரியவர் என்று நினைத்துவிட்டு, பிறகு நீ என்று தெரிந்து திடுக்கிட்டிருக்கிறேன்.

போன வருடம் நீ நம் கட்சிக்கே திரும்பி வர மனு கொடுத்தாய். பதவி கேட்கவில்லை. உறுப்பினர் அட்டை மட்டும் போதும் என்று எழுதியிருந்தாய். எழுதாததும் எனக்குத் தெரியும். வயது காலத்தில் உன் பயம் ஒன்றே ஒன்றுதான். ஊரில் அத்தனை பேர் சாவுக்குக் கொடி வாங்கிக்கொண்டு போய்ப் போர்த்தினவன், தன்மேல் கொடி இல்லாமல் போய்விடுவோமோ என்று பயந்தாய். தனத்திடம் அடிக்கடி சொல்வாயாம், "எனக்கு வேற எதுவும் வேணாம் தனம், கடைசில அந்தத் துணி மேல கிடந்தா போதும்" என்று.

நீக்கப்பட்டவரைத் திரும்பச் சேர்க்க வேண்டுமானால் அவருடைய கிளையில் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். உன் கிளை நம்மூர்க் கிளை. செயலாளர் நான். ஒன்றியச் செயலாளர் என்னை உத்திரமேரூர் ஆபீஸுக்குக் கூப்பிட்டு உன் மனுவைக் கையில் கொடுத்தார். "உன் மாப்ளதானே. எனக்கு ஒண்ணும் இல்லப்பா. நீ எய்திக் குடு, நான் மேல அனுப்பிடறேன்" என்றார்.

ஒரே வரி. ஒரு கையெழுத்து. அதை எட்டு மாதம் நான் போடவில்லை மாப்ளே. மனுவை மஞ்சள் கவரில் போட்டு அலமாரியில் துணிக்கடியில் வைத்துவிட்டேன்.

ஏன் என்று நீ கேட்கலாம். பட்டியலில் என் பெயரை எழுதிய கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி. மீதி பொறாமை. நீ அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தால் அடுத்த மாதமே ஜனம் உன் வாசலில் நிற்கும். பதவியே இல்லாமல் நீ பெரியவன் ஆகிவிடுவாய், நான் மறுபடியும் முதல் கைதட்டுக்காரன் ஆகிவிடுவேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கொஞ்ச நாள் காத்திருக்கட்டும் என்றுதான் நினைத்தேன், கொடுக்கவே கூடாது என்று நினைக்கவில்லை. பொங்கல் கழியட்டும், பூத் கமிட்டி வேலை முடியட்டும் என்று தள்ளிப் போட்டேன். ஒன்றியச் செயலாளர் இரண்டு முறை கேட்டார். "பாத்துக்கினு கீறேன்" என்றேன்.

அப்புறம் நீ மாகறலில் விழுந்தாய். ஒரு விவசாயக் கூலியின் அம்மா செத்ததற்குப் போயிருந்தாய். அந்த வீட்டில் உனக்கு ஓட்டும் இல்லை, உறவும் இல்லை. பாடைக்குப் பின்னால் செய்யாற்றங்கரைக்கு நடந்தவன், "கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஒரு வேலிக்கல்லில் உட்கார்ந்தாயாம். அவ்வளவுதான். அந்தக் கிழவியை எரித்துவிட்டு வந்தவர்களே உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

நான் உன் வீட்டுக்குள் பதினொரு வருடம் கழித்து நுழைந்தேன். நடு வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் நீ. வெள்ளை வேட்டி மட்டும் போர்த்தியிருந்தார்கள். தனம் என்னைப் பார்த்து அழுதாள், ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கவில்லை. "அண்ணா, கொடி எங்க? கொண்டாரச் சொல்லு" என்றாள்.

வெளியே வந்து ஒன்றியச் செயலாளருக்குப் போன் போட்டேன். அவர் குரலில் வருத்தம் இருந்தது. "நானும் மாவட்டத்த கேட்டுட்டேம்பா. பேப்பர் இன்னும் பெண்டிங்லதானே கீது. மெம்பர் இல்லாதவருக்கு எப்டி கொடி போத்தறதுன்றாங்க. உன்னாண்டதானே இருந்துது அது?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்த கட்சிக்காரர்களோ, எங்களை விட்டுப் போக மனு கொடுத்தவர்தானே என்று சொல்லி வரவே இல்லை.

உள்ளே போய் "வருது" என்றேன். மறுநாள் காலை பத்து மணிக்கும் வருது என்றேன், பன்னிரண்டு மணிக்கும் வருது என்றேன். கட்சிக்காரர் கார் ஒன்றுகூட வரவில்லை. ஆனால் ஜனம் வந்தது. டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, கையில் ஐம்பது ரூபாய் மாலையோடு நடந்து வந்தார்கள். "எங்க அப்பாவுக்கு சர்ட்டிபிகேட்டு வாங்கிக் குடுத்தாரு", "எம் புருஷன் செத்தப்போ இவருதான் கூட நின்னாரு" என்று யாரிடமோ சொல்லிவிட்டு அழுதார்கள். மாகறல்காரர் தன் அம்மாவின் சாம்பலைக்கூடக் கரைக்காமல் வந்து உன் காலடியில் உட்கார்ந்திருந்தார். மேளக்காரர் என்னிடம் வந்து, "இன்னும் எவ்ளோ நேரம்ணா, எதுக்கு வெயிட் பண்றோம்?" என்றார். அவரிடமும் வருது என்றேன். மூன்று மணிக்கு மீனா வாசலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். நாலு மணிக்கு உன்னைத் தூக்கினோம். முன்பக்கம் தோள் கொடுத்தவன் நான்தான். எனக்கு அந்த யோக்கியதை உண்டா என்று அங்கே யாருக்கும் கேட்கத் தெரியவில்லை.

காரியத்தன்று பிறந்த வீட்டுப் புடவையை நான்தான் தனத்துக்குக் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. மூன்று நாள் முன்பு மஞ்சள் கவரை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கவரைத் திறக்கவே இல்லை.

"அவருக்குத் தெரியும்ணா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"ஆபீஸ்ல சொல்லிட்டாங்க, பேப்பரு உங்க மச்சான்கிட்ட கீதுன்னு. நான் போயி கேக்கறேன்னேன். வேணாம்னுட்டாரு. 'அன்னிக்கு மச்சானைக் கேக்காம அவரு பேர எய்தினேன் தனம். அதுக்கு அவரு பட்ட பேஜாரு எனக்குத் தெரியும். இப்ப அவரா மனசு வந்து எய்தட்டும். நீ போயி அயுது வாங்கினா, அதுவும் அவர கேக்காம நான் எய்தின மாதிரிதான்' அப்படின்னாரு. மீனாகிட்டகூட சொல்லக் கூடாதுன்னாரு. அதான் அன்னிக்கு உன்னாண்டயே கொடி கேட்டேன்."

எட்டு மாதமும் நீ தினமும் காலையில் என் வீட்டு வழியாகத்தான் போனாய். என் வாசல் வந்ததும் வண்டியின் வேகம் குறையும். வேவு பார்க்கிறான் என்று நினைத்து நான் உள்ளே போய்விடுவேன். நான் கூப்பிடுவேன் என்றுதான் வேகத்தைக் குறைத்தாயா? ஒரு நாளாவது ஹாரன் அடித்திருக்கக் கூடாதா மாப்ளே?

தனம் கவரை என் பக்கம் தள்ளினாள். "அவரு உன்ன மன்னிச்சிட்டாருண்ணா. நான் மன்னிக்கல. எயுந்து போ" என்றாள். குரலை உயர்த்தவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தேன். அதை யாரும் தியாகம் என்று எண்ண வேண்டாம். அந்த நாற்காலியில் இனி உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

நேற்றுக் காலையும் உன் வீட்டுக்குப் போனேன். தனம் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்றும் அப்படித்தான். நாளைக்கும் போவேன் மாப்ளே. அவள் கூப்பிடுகிற வரைக்கும் போவேன். கடைசிவரை கூப்பிடாவிட்டாலும் போவேன். இனிமேல் என் தங்கை வீட்டுக்குப் போக எவனிடமும் உத்தரவு கேட்க மாட்டேன். இதை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்.

உன் மச்சான்,
தனத்தின் அண்ணன்,
மாசிலாமணி